தூறல்காரர் கேசட்

திருவொற்றியூர் ரயில்வே கேட்டுக்கு மேற்கே இருக்கும் சந்தில் பீம்ராவ் குடிவந்த புதிதில், அவன் வீட்டுக்கு விருந்தாளிகள் ஓயாமல் வந்துபோகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். பேசியதில் தப்பில்லை. அவன் மனைவி சங்கமித்ரா குழாயடியில் நின்றுகொண்டு, நேற்று முழுக்க வீட்டில் பாட்டில்காரர்தான், தலைவலியே வந்துவிட்டது, இன்றைக்குக் கட்டைவிரல்காரர் வரப்போகிறாராம் என்று சர்வசாதாரணமாகச் சொல்வாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாவுக்குப் பாட்டில்காரர் என்றதும் விஷயம் புரிந்துவிட்டது போலிருந்தது. பாவம், நல்ல பெண்ணுக்கு இப்படி ஒரு குடிகார சகவாசமா என்று நான்கு பேரிடம் வருத்தப்பட்டும் விட்டாள்.

அந்த விருந்தாளிகள் எல்லாரும் கேசட்டில் வந்தவர்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களிடம் அசல் கேசட்டை வாங்கி, பர்மா பஜாரில் கடை வைத்திருந்த சௌக்கத் அலி பிரதி எடுத்துக் கொடுப்பார். அசல் கப்பலோடு போய்விடும். பிரதியின் மேல் அவர் கையெழுத்தில் 'கிடார்' என்று மட்டும் இருக்கும். வாசித்தவர் யார், எந்த நாடு என்று கேட்டால், "நல்லா வாசிக்கிறாரு இல்ல, அத்த வுடு" என்பார். உலகத்திலேயே பெரிய வித்வான்கள் இப்படிப் பேரில்லாமல் வந்து சேர்ந்ததால், பீம்ராவே அவர்களுக்குப் பேர் வைக்க வேண்டியதாகிவிட்டது. தடித்த கம்பியில் கட்டைவிரல் ஆள் நடக்கிற மாதிரி நடந்துகொண்டே இருந்தால் அவர் கட்டைவிரல்காரர். கம்பியின் மேல் எதையோ வைத்து வழுக்கிக்கொண்டே போகிறவர் ஒருவர் இருந்தார். உடைந்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசிக்கிறார் என்று சௌக்கத் அலிக்கு யாரோ மாலுமி சொன்னானாம். கோவிந்தம்மா பயந்துபோனது இவர் பேரைக் கேட்டுத்தான்.

பீம்ராவுக்கு ஊர் வியாசர்பாடி. பீம்ராவ் என்று சட்டமேதையின் பேரை வைத்த அப்பா, மகன் வக்கீல் ஆவான் என்று நம்பிக்கொண்டிருந்தார். மகன் ஐ.டி.ஐ. படித்து, லாரிக்கு அச்சும் கொக்கியும் அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஹாமர் ஆபரேட்டர் ஆனான். ஹாமர் என்றால் கையில் பிடிக்கிற சுத்தியல் இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் இயந்திரம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கீழே வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து அது விழும். விழுகிற ஒவ்வொரு முறையும் தரை தூக்கிப்போடும். அந்த ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வெளியே டீக்கடையில்கூடக் கத்தித்தான் பேசுவார்கள். வயசான ஆபரேட்டர்களுக்குக் காது மந்தமாக இருக்கும். 'ஹாமர் காது' என்று அதற்குப் பேர் வைத்துச் சிரித்துக்கொள்வார்கள். உள்ளங்கையில் காய்ப்பு வருகிற மாதிரி அது ரிட்டயர் ஆகிற வயசில் வருகிற ஒன்று என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் காதில் வைக்க ரப்பர் அடைப்பான் கொடுப்பார்கள், ஆபீசர் போனதும் எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். மற்ற நாளில் பஞ்சு, அதுவும் ஞாபகம் இருந்தால்.

கிடார் அவன் கைக்கு வந்தது இக்னேஷியஸால். இக்னேஷியஸ் ராயபுரத்துக்காரன், அதே தொழிற்சாலையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்திலும் கிடார் வாசிப்பான். புதுசு வாங்கியபோது, வயிற்றில் விரிசல் விட்ட பழசை பீம்ராவிடம் கொடுத்து, சுதி சேர்ப்பது எப்படி என்று மட்டும் காட்டினான். சினிமாப் பாட்டுக்கு நான்கு கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், மண்டபத்தில் நிற்கலாம் என்பது அவன் கட்சி. பீம்ராவுக்கு அது போதவில்லை. ஒரு மனுஷன் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு மூன்று பேர் வாசிக்கிற மாதிரி வாசிப்பதைக் கேசட்டில் கேட்டுவிட்ட பிறகு நான்கு கார்டு எப்படிப் போதும்?

அவன் படித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கேசட்டை ஓடவிட்டு, ஒரு துளியில் நிறுத்தி, திரும்பச் சுற்றி, மறுபடி கேட்பான். இந்த இடத்தில் விரல் எங்கிருந்து எங்கே போயிருக்கும், நகம் பட்டதா சதை பட்டதா, கம்பியின் நடுவில் தட்டினாரா ஓரத்தில் தட்டினாரா என்று திருடன் வந்துபோன வீட்டைப் போலீஸ்காரன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் துருவுவான். ஒருவர் மாதிரி வாசிக்க வந்துவிட்டால் அடுத்தவரிடம் போவான். கட்டைவிரல்காரர் ஒரு வருஷம் இழுத்தார். பாட்டில்காரருக்காக சங்கமித்ராவின் இருமல் மருந்து பாட்டிலைக் காலியாவதற்கு முன்பே உடைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசியது போதும், நாம் பேச வேண்டாம். வீட்டில் அவன் வாசித்தான், காலடிப்பேட்டை நர்சரி பள்ளியில் ஆயா வேலை பார்த்துவிட்டு வரும் அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சங்கீதம் தெரியாதவள்தான், ஆனாலும் கேட்டுக் கேட்டு, முதல் நொடியிலேயே இது இன்னார் என்று சொல்லிவிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

தொண்ணூற்றெட்டில் ஒரு மழைக்காலத்தில் தூறல்காரர் வந்தார். அந்தக் கேசட்டை முதல்முறை கேட்டபோது பீம்ராவ் கிடாரை எடுக்கவே இல்லை. கீழே தடித்த கம்பிகளில் கட்டைவிரல் நிதானமாக ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டு போக, மேலே மெல்லிய கம்பியில் மற்ற விரல்கள் இடைவிடாமல் பொடிப்பொடியாகத் தட்டிக்கொண்டே இருந்தன. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. ஒவ்வொரு சொட்டும் தனியாகக் கேட்டது, ஆனால் எங்கேயும் அறுந்துபோகவில்லை. சங்கமித்ரா வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள் என்று சொன்னால் நான் கதை விடுவதாக நினைப்பீர்கள். உண்மைதான், பார்த்துவிட்டு வந்தாள். வந்து, "இவரு யாரு, இத்தினி நாளு எங்க இர்ந்தாரு?" என்று கேட்டாள். இந்த ஒன்றை வாசித்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று பீம்ராவ் அன்றைக்கு முடிவு செய்தான்.

அந்தத் தூறல் லேசில் வரவில்லை. மூன்று விரல் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் விழ வேண்டும், ஒன்று முந்தினாலும் நொண்டும். ரயிலில் டிபன் பாக்ஸின் மேல் பழகினான். டீ குடிக்கும்போது பெஞ்சின் மேல் பழகினான். படுத்த பிறகு சங்கமித்ராவின் முதுகில் பழகப்போய், எறும்பு ஊர்கிறது என்று அவள் அலறியடித்து எழுந்தாள். வருஷங்கள் போயின. வருகிற மாதிரி இருக்கும், அப்புறம் நொண்டும்.

இரண்டாயிரத்தொன்று வாக்கில் கேசட் மந்தமாகிவிட்டது. ஈரத்துணி போட்டு மூடின மாதிரி, சொட்டுச் சொட்டாகக் கேட்டது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று வந்தது. பிரதி எடுத்த கேசட்டை ஆயிரம் முறை சுற்றினால் தேய்ந்துதான் போகும், இது வடசென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பீம்ராவ் டேப்ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். பெல்ட்டை மாற்றினான். கிடாரின் மெல்லிய கம்பியும் செத்த மாதிரி இருக்கவே அதையும் மாற்றினான், அடுத்த மாதம் மறுபடி மாற்றினான். கடைசியில் சௌக்கத் அலியிடம் போய் வேறு பிரதி கேட்டான். அவர் மறுபேச்சில்லாமல் தன்னிடமிருந்த தாய்ப் பிரதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதுவும் மந்தம். இன்னொன்று கொடுத்தார். அதுவும்.

அதற்கப்புறம் அவர் கொடுத்த மூன்றாவது பிரதியையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை திரும்பப் போனபோது, கடையில் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பீம்ராவ் கேசட்டை மேஜையில் போட்டு, ஹாமர் ஷெட் குரலில் சொன்னான்: "தேஞ்சுபோன கேசட்ட எல்லாம் எந்தலையில கட்டிகினு கீற. தோஸ்துன்னு நம்பி வந்தா டபாய்க்கிறியா பாய்?" சௌக்கத் அலி கேசட்டை எடுத்துப் பார்த்தார், அவன் முகத்தையும் பார்த்தார். அதை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார். வாதாடாத மனுஷன் குற்றவாளிதான் என்று பீம்ராவ் முடிவு கட்டிக்கொண்டு இறங்கினான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

கேசட் இல்லாமல் போனதும் அவன் வாசிப்பு மாறியது. இக்னேஷியஸ் அவனைக் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தான். அங்கே பீம்ராவ் மெல்லிய கம்பியை மட்டும் சுண்டி அடிப்பான். மற்ற கம்பிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருக்க, அது மட்டும் சாட்டை மாதிரி சுளீரென்று வந்து விழும். தண்டையார்பேட்டை மண்டபம் ஒன்றில் அதற்கென்றே விசில் அடித்தார்கள். இக்னேஷியஸ் மேடையிலிருந்து இறங்கியதும், இது எந்தக் கேசட்காரர் ஸ்டைல் என்று கேட்டான். பீம்ராவ் யோசித்துப் பார்த்தான். யாருடையதும் இல்லை. "என்னுதுதான் மாமு," என்றான். இத்தனை வருஷம் ஊரார் விரலையெல்லாம் இரவல் வாங்கி வாசித்தவனுக்குச் சொந்தமாக ஒன்று வந்துவிட்டது. இக்னேஷியஸே அதைப் பார்த்துப் பழக ஆரம்பித்தான், 'பீம்ராவ் அடி' என்று பேரும் வைத்தான். அந்த ஒரு வருஷம் பீம்ராவ் நடந்த நடையே வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கமித்ரா பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, நாலு விசில் வந்ததும் இறக்கிவிடச் சொல்லி, கோவிந்தம்மாவோடு ரேஷன் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வீடெல்லாம் புகை. குக்கரின் அடி கரிந்து ஒட்டியிருந்தது. அடுப்புக்கு ஒரு எட்டுத் தூரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பீம்ராவ் வாசித்துக்கொண்டிருந்தான். மூக்கிலுமா அடைப்பு என்று அவள் திட்டினாள். விசிலே வரவில்லை என்று அவன் சத்தியம் செய்தான். சும்மா சொல்லவில்லை, குக்கரின் மூடியையும் விசில் குண்டையும் பையில் போட்டு மார்க்கெட்டில் பழுது பார்க்கிறவனிடம் கொண்டுபோனான். கெட்டுப்போனது கேசட், கெட்டுப்போனது கம்பி, கெட்டுப்போனது குக்கர். தன்னிடம் ஒன்று கெட்டிருக்கலாம் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

பழுது பார்க்கிறவன் குண்டை ஊதிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மறுநாள் சங்கமித்ரா வேலைக்குப் போகவில்லை. குக்கரில் வெறும் தண்ணீரை வைத்து அடுப்பைப் பற்றவைத்தாள். பீம்ராவ் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கம்பி மாற்றிக்கொண்டிருந்தான். குக்கர் வீடு அதிரக் கூவியது. அவன் நிமிரவில்லை. மறுபடி கூவியது. அவன் கம்பியின் முனையைத் துளையில் கோத்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவன் முன்னால் வந்து குந்தினாள்.

"இப்போ விசில் வந்துச்சாய்யா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். குண்டின் ஓரத்தில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. "வந்துச்சா?" என்று அவளையே திருப்பிக் கேட்டான்.

அரசு ஆஸ்பத்திரியில் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். முதலில் கும்மென்று தடித்த சத்தங்கள் கேட்டன, அமுக்கினான். அப்புறம் எதுவும் வரவில்லை. மெஷினில் அடுத்த கட்டத்துக்கு ஏதோ சரிசெய்கிறார்கள் போலிருக்கிறது என்று கட்டைவிரலைப் பொத்தானின் மேல் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, எழுந்து வரலாம் என்று சைகை காட்டினாள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே என்றான் பீம்ராவ். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சங்கமித்ராவுக்கு அது கேட்டது. டாக்டர் சொல்வதற்கு அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

இருந்தாலும் டாக்டர் சொன்னார். எந்த வேலை, எத்தனை வருஷம், காதில் என்ன வைப்பாய் என்று கேட்டார். விசில் மாதிரி கீச்சென்று வரும் மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது, மருந்தும் இல்லை, அந்த ஷெட்டை விட்டு உடனே வெளியே வா என்றார். பீம்ராவ் ஒரே ஒரு கேள்வி கேட்டான். கிடாரில் மெல்லிய கம்பியைச் சுண்டி அடித்தால்தான் தனக்குக் கேட்கிறது, அது இதனால்தானா? டாக்டர் ஆமாம் என்றார். பீம்ராவ் தலையை ஆட்டிக்கொண்டான். சொந்தம் என்று அவன் ஒரு வருஷம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது அவன் செவிட்டைத்தான்.

யூனியன்காரர்கள் பேசியதில் அவனை ஹாமரிலிருந்து பாக்கிங்குக்கு மாற்றினார்கள். கச்சேரிக்கு இனி வரவில்லை என்று இக்னேஷியஸிடம் சொன்னான், காரணத்தையும் சொன்னான். அந்த அடியை மறந்துவிடு என்றும் கேட்டுக்கொண்டான். இக்னேஷியஸ் மறக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு நல்லாத்தானே இருந்தது என்றான். அது ஆறுதலா வலியா என்று பீம்ராவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பர்மா பஜாருக்குப் போனான். சௌக்கத் அலியின் கடையில் கேசட்டே இல்லை. செல்போன் உறையும் சி.டி.யும் தொங்கின. மனுஷன் இளைத்திருந்தார். பீம்ராவ் போய் நின்று, வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னான்: கேசட்டில் தப்பில்லை, என் காது போய்விட்டது, நாலு பேர் எதிரில் உன்னைத் திருடன் மாதிரி பேசிவிட்டேன், மன்னிச்சிடு. சௌக்கத் அலி ஸ்டூலை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். அவன் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசினார்.

"மொத வாட்டி நீ வந்தப்போ நானும் கேசட்டுதான் போச்சுன்னு நெனச்சேன். ரெண்டாவது வாட்டி டிரெபிள, அந்த மெல்லிசு சத்தத்த, ஏத்தி எட்த்தேன். கடைசியா குட்த்தேன் பாரு, அதுல டிரெபிள் ஃபுல்லு. பக்கத்துக் கடைக்காரன் காதப் பொத்திகினு வந்து சண்டைக்கு நின்னான். அத்தையும் கொண்டாந்து நீ மந்தம்ன. அப்பவே தெரிஞ்சுபோச்சு மாமு."

"தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?"

"கேசட்டு மேல கோவம்னா வேற கடைக்குப் போவ. காது மேல கோவம் வந்தா எங்க போவ?"

பீம்ராவ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கே சொல்லியிருந்தால் அப்போதே ஹாமரை விட்டு வெளியே வந்திருப்பான், மிச்சமிருந்ததாவது தப்பியிருக்கும். அது அவனுக்கும் தெரிந்தது. சொல்லி முடித்த சௌக்கத் அலியின் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் இப்போதுதான் அது உறைத்திருக்கிறது என்று தெரிந்தது. அன்புக்காகக் கோபப்பட எந்த ஊரில் முடியும்? டீயைக் குடித்துவிட்டு, வரேன் பாய் என்று எழுந்தான். அவர் ரயிலடிவரை கூடவே வந்தார்.

கிடாரை இக்னேஷியஸிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் பீம்ராவ் இருந்தான். விடாதவள் சங்கமித்ரா. "தூறல் இன்னும் வர்ல இல்ல? வாசி, நான் கேட்டுச் சொல்றேன்," என்று எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அவன் விரலைப் பார்த்து வாசிப்பான், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். முடிந்ததும் கையை ஆட்டி இல்லை என்பாள். மூன்றாவது சொட்டு பலமாக விழுகிறது என்பாள். நடுவில் ஒன்று விட்டுப்போகிறது என்பாள். எந்த விரல் என்று சொல்லத் தெரியாது, அவன் விரலை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி இதுவா என்று கேட்டு வாசிப்பான். பொய்க்காகக்கூட ஒரு நாள் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதனால்தான் அவனால் அவளை நம்பி வாசிக்க முடிந்தது. கோவிந்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, புருஷன் வாசிக்கப் பெண்டாட்டி பரீட்சை வைக்கிறாள் என்று சந்தெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கடல் சுனாமியாக வீடுகளுக்குள் வந்த அந்த டிசம்பரும் போய், அடுத்த வருஷம் ஆடி மாதம் ஒரு சாயங்காலம். அன்றைக்கும் வழக்கம்போல வாசித்து முடித்து அவள் கையைப் பார்த்தான். கை ஆடவில்லை. கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா?" என்றான்.

"வந்துட்ச்சி."

"எனக்கோசரம் சொல்லாத."

"உனுக்கோசரம் சொல்றதுன்னா என்னிக்கோ சொல்லியிருப்பனே. வந்துட்ச்சிய்யா. எங்கியும் அறுந்துபோவல."

பீம்ராவ் தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அவளிடம் கேட்டான்: "எப்டி கீது?"

அவள் சொல்லப் பார்த்தாள். அந்தக் கேசட்டில் இருந்த மாதிரி என்று ஆரம்பித்தாள், அது இல்லை என்று நிறுத்தினாள். மழை என்றாள், அதுவும் இல்லை என்றாள். எத்தனையோ சாயங்காலம் எந்தச் சொட்டு தப்பு என்று சரியாகச் சொன்னவளுக்கு, சரியாக வந்தது எப்படி இருக்கிறது என்று சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. "எனுக்குச் சொல்லத் தெர்லய்யா," என்று கையை விரித்தாள்.

"பரவால்ல," என்றான் பீம்ராவ். "எம் பங்கையும் சேத்து நீயே கேட்டுக்க."

மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். தடித்த கம்பியின் பாட்டு மட்டும் எங்கோ தூரத்தில் அவனுக்குக் கேட்டது. மேலே மூன்று விரல்களும் சத்தமே இல்லாமல் கம்பியில் விழுந்து விழுந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தான். மூக்கை உறிஞ்சினால்கூட ஒரு சொட்டு தவறிப்போய்விடும் என்று, வழிகிற கண்ணீரைத் துடைக்காமல், அசையாமல் உட்கார்ந்து, சங்கமித்ரா இரண்டு பேருக்குமாகக் கேட்டாள்.